கலிங்கின் நடுவிடம்

விளாத்திமடுவின் நிலவியலைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: குளம் உயரத்தில் இருக்கிறது, ஊர் அதற்குக் கீழே இருக்கிறது. அதன் வரலாற்றைச் சொல்லவும் வேறு வாக்கியம் தேவைப்படாது.

புதுக்குடியிருப்பிலிருந்து வரும் பேருந்து, இனிப் போக வழியில்லை என்று சலித்துத் திரும்பும் இடத்தில் இவ்வூர் கிடக்கிறது. மேற்கே குளம். அதன் மண்கட்டுக்குக் கீழே மேல்வயல், அதற்கப்பால் நடுவயல், தண்ணீர் களைத்துப்போய் வந்து சேரும் தொலைவில் கடைவயல். கட்டின் வடமுனையில் கலிங்கு. குளம் நிரம்பியபின் மிஞ்சும் நீர் வழிந்தோடுவதற்காகக் கருங்கல்லில் கட்டிய தாழ்ந்த சுவர். வழியும் நீர் அகன்றதொரு மணற்தரையில் இறங்கிப் பரவி, காட்டுக்குள் புகுந்து, கடைசியில் கடலோரக் களப்பைச் சேரும். தெற்கே மேட்டுநிலம். பாடசாலை, நாலைந்து கடைகள், வயற்காரர்களின் சங்கமான கமக்காரர் அமைப்பின் பொதுநோக்கு மண்டபம், அதன் பின்னால் நெல் காயப்போடும் தளம் எல்லாம் அங்கேதான். எந்த வெள்ளத்திலும் அந்த மேடு நனைந்ததில்லை.

காட்டை வெட்டி இந்த ஊரை உண்டாக்கியவர்கள் தமிழரும் முஸ்லிம்களுமான ஏழைக் கமக்காரர்கள். யானைக்குப் பயந்து ஒரே பரணில் படுத்தவர்கள். ஒரே காய்ச்சலில் பிள்ளைகளைப் புதைத்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மிச்சமிருந்த ஊர் முழுவதும் வெளியேறியது. அப்போது பார்த்துக்கொண்டு நிற்கவும் எவரும் இருக்கவில்லை. போர் முடிந்து சனங்கள் திரும்பியபோது குளத்தின் கட்டு உடைந்திருந்தது. அதன்பின் அரசாங்கங்கள் வந்தன, நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பெயர்ப்பலகையை நட்டுவிட்டுப் போயிற்று. பலகைகள் துருப்பிடிக்கின்றன. சனங்கள் இன்னமும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாரிமழையில் குளம் கலிங்கின் விளிம்பைத் தொட்டதும், கடைவயற்காரர் எல்லோரும் மண்மூட்டைகளோடு வந்து அந்தச் சுவரின்மேல் அடுக்குவார்கள். அப்படி மேலதிகமாகத் தேங்கும் நீர்தான் கோடையில் கடைவயலுக்கு இரண்டாம் விளைச்சலான சிறுபோகம். அது இல்லையென்றால் கடைவயற்காரனுக்கு ஆண்டில் ஒரே விளைச்சல். அவன் பிள்ளைகளுக்கு ஆண்டில் பாதி வயிறு. கலிங்கின்மேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்துவிட்ட இடம் இருக்கிறது. அவரவர் இடத்தில் அவரவர் மூட்டை. மழை கூடிக் கட்டுக்கு ஆபத்து வந்தால் அவரவரே வந்து அகற்றவேண்டும். இன்னொருவன் மூட்டையைத் தொடுவது அவன் சோற்றில் கைவைப்பதற்குச் சமம். அடிதடியில் முடிந்த ஊர்ச்சண்டைகளுக்குப் பிறகு பழைய ஆட்கள் கண்ட ஒழுங்கு அது.

கலிங்கின் நடுவிடம் கடைவயலில் காணி வைத்திருந்த ஹாலிதாவின் தந்தையுடையது. அங்கேதான் சுவர் தேய்ந்து மிகத் தாழ்ந்திருக்கிறது. மூட்டைகள் அதிகம் வேண்டும், உழைப்பும் அதிகம். தொண்ணூறில் அவர் ஊரைவிட்டுப் போன பின்னரும் அந்த இடத்தில் எவரும் மூட்டை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பனங்குற்றியை உருட்டிவிட்டார்கள். மூட்டையைத்தானே வைக்கக்கூடாது, மரத்துக்குத் தடையில்லையே என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். குற்றியின் கீழால் நீர் ஒழுகியது. மனச்சாட்சியும் அந்தளவுக்குத்தான் அடைபட்டது.

பதின்மூன்று வயதில் போன ஹாலிதா, தலை நரைத்தபின் தன் மகள் ஷிஹானாவோடு திரும்பி வந்தாள். கடைவயலில் தந்தையின் காணி கிடைத்தது. கலிங்கில் நடுவிடமும் கிடைத்தது. பனங்குற்றியை அவளே தள்ளிவிட்டு மூட்டை அடுக்கினாள், ஒருவரும் மறுக்கவில்லை. கிடைக்காதது வீட்டு வளவு. தந்தையின் வளவு மேட்டுநிலத்தில் இருந்தது. அதன் முன்பாதியில் பொதுநோக்கு மண்டபம் எழுந்துவிட்டது, நடுவில் நெற்தளம், பின்னால் நாயுருவி முளைத்த வெறும் நிலம். பிந்தி வந்தவர்களுக்கு அமைப்பு வேறிடம் காட்டிற்று: மரமில்லாத, மேடுபள்ளமில்லாத, அழகான மணற்தரை. ஏன் அங்கே ஒரு மரமும் இல்லை என்று அந்த நாளில் யாரும் கேட்கவில்லை. குளம் உடைந்து கிடந்த ஆண்டுகளில் கலிங்கு ஒருமுறையேனும் பாயவில்லை. தண்ணீர் நடந்த வழியைத் தண்ணீரோடு சேர்த்து ஊர் மறந்துவிட்டது. குளம் திருத்தப்பட்ட பிறகு வந்த முதல் மாரியில் ஹாலிதாவின் வீட்டுக் குசினிக்குள் விரால்மீன் நீந்தியது.

அவளுடைய கணவன் சரீப் புத்தளத்தில் ஒரு தேங்காய்க் களஞ்சியத்தில் வேலை செய்தான். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். இந்த மாரி தொடங்கியபோது தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

"இந்த முறையும் வீடு தண்ணிக்குள்ள தாண்டா, தை மாசம் லொறியோட வருவன். உன்னையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வந்திடுவன். பிறகு விளாத்திமடு எண்ட கதை எடுக்கக்கூடாது."

"வயல்?"

"வயலை வித்துப்போட்டு வா. ஒரு போகம் விளையிற வயலை வைச்சு என்ன செய்யிறது? சிறுபோகம் கிடைச்சாலும் பரவாயில்லை எண்டு பாக்கலாம்."

"கிடைக்கும். மூட்டை அடுக்கியிருக்கு."

"மூட்டை அடுக்கினா வயலுக்குத் தண்ணி. மூட்டை தூக்கினா வீட்டுக்குத் தண்ணி. நல்ல ஊர் ஹாலிதா, உன்ர ஊர்."

அவள் சிரித்தாள். சிரிப்பதற்கு அதிகம் பலம் இருக்கவில்லை. புத்தளத்தில் அவள் முப்பது ஆண்டுகள் அகதி. இங்கே அவள் நேற்று வந்தவள். ஓர் இடத்திலாவது தன் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரக்கூடாது என்பதுதான் அவள் வேண்டியது. கலிங்கின் நடுவிடத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

மார்கழி நடுவில் மழை விடாமல் கொட்டியது. ஒரு மத்தியானம் கட்டின் நடுவில் மண் கரைந்து சரியத் தொடங்கியது. அமைப்பின் தலைவர் முத்துலிங்கம் கோயில் மணியை அடிக்கச் சொன்னார். கடைவயற்காரர் எல்லோரும் கலிங்குக்கு ஓடினார்கள். மணற்தரைக் குடியேற்றத்தில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பாடசாலைக்கு ஓடினார்கள். இரண்டு பக்கமும் ஓடவேண்டியவள் ஹாலிதா ஒருத்திதான். ஷிஹானாவிடம் தையல் மிசினையும் காணி உறுதிப் பத்திரத்தையும் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, அவள் கலிங்குக்கு வந்தாள்.

அவரவர் தங்கள் மூட்டைகளை இழுத்துக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே முழங்காலளவு நீரில் நின்ற தர்ஷன், முத்துலிங்கத்தின் மருமகன், அவளைக் கண்டதும் கூவினான்.

"வாங்கோ அக்கா, வாங்கோ! உங்களைப் பாத்துக்கொண்டுதான் குளம் நிக்குது."

"உன்ர தலையைக் கழட்டிப்போட்டுக் கதையடா," என்றார் முத்துலிங்கம். "குளத்துக்கையும் பொலிஸ் பிடிக்கிறானோ?"

கொஞ்ச நேரத்தில் இருபக்க மூட்டைகளும் அகன்றன. நடுவிடம் மட்டும் நின்றது. குளத்தின் முழுப் பாரமும் அதன்மேல் சாய்ந்திருந்தது. பக்கங்களில் வழிந்த நீர் போதவில்லை. கட்டில் மண் இன்னும் சரிந்தது. ஹாலிதா தன் மூட்டைகளின் முன்னால் நின்றாள். கை வைக்கவில்லை.

"தங்கச்சி, தூக்கன்," என்றார் முத்துலிங்கம்.

"அண்ணை, அங்க பாருங்கோ. அந்த நீலத் தறப்பாள் போட்ட கூரை ஆற்ற?"

அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னார். "உன்ர."

"இதைத் தூக்கினா தண்ணி முதல் எங்க போகும்?"

முத்துலிங்கம் முகத்தில் வழிந்த மழையைக் கையால் வழித்தெறிந்தார்.

"நான் தூக்கவேண்டாம் எண்டு சொல்லேல்ல. கட்டு உடைஞ்சா வயலும் போகும், ஊரும் போகும். எனக்கும் அது தெரியும். ஆனா என்ர கையால என்ர வீட்டுக்கு நான் தண்ணி விடமாட்டன். நீங்கள் தூக்குங்கோ."

"அது பிழை, பிள்ளை. இன்னொரு ஆளின்ர மூட்டையில நாங்கள் கை வைக்கிறேல்ல. நான் இந்த வயசுமட்டும் வைச்சதில்லை."

"நான் சொல்லித்தானே வைக்கிறியள். வையுங்கோ."

சுற்றி நின்றவர்கள் தங்கள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொள்ளாத குறை. ஊரின் ஒழுங்கு எவ்வளவு வசதியானது என்பது அந்த நேரத்தில்தான் அம்பலமாயிற்று. அவரவர் மூட்டையை அவரவர் அகற்றினால் எவரும் எவருக்கும் தீங்கு செய்தவரில்லை. நீர் தன்பாட்டில் போகிறது, வீடு தன்பாட்டில் மூழ்குகிறது, குற்றவாளி என்று ஒருவனும் இல்லை. மணற்தரையைக் குடியிருப்பு என்று காட்டிய கை, மேட்டுவளவில் மண்டபம் எழுப்பிய கை, எல்லாம் சுத்தமான கைகள். அந்தச் சுத்தத்தைத்தான் அவள் ஏற்க மறுத்தாள்.

முத்துலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். முதல் மூட்டையைத் தொட்டவர், தொட்டபடியே சற்று நின்றார். பிறகு இழுத்தார். தர்ஷனும் இறங்கினான். மூன்றாவது மூட்டையோடு மிச்சம் தானாகவே பெயர்ந்தது. செம்மண் கலந்த நீர் ஒரு சுவராக எழுந்து மணற்தரைக்குப் பாய்ந்தது. முதலில் வேலி போனது. பிறகு கோழிக்கூடு மிதந்தது. நீலத் தறப்பாள் நெடுநேரம் தாக்குப்பிடித்து, ஒரு பக்கம் சாய்ந்து, நீரோடு ஒட்டிக்கொண்டது.

ஹாலிதா அழவில்லை. முத்துலிங்கம் கரையேறி அவளருகில் குந்தினார். அவரும் இப்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலுமாரி எடுத்தனியோ?" என்று கேட்டார்.

"பழசு," என்றாள் அவள். "போகட்டும்."

கட்டு தப்பியது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த காலையில், குளத்தின் நீர் கலிங்குக்குமேல் சாணளவில் வழிந்துகொண்டிருந்தது. இனி அதை மறித்தால்தான் சிறுபோகம். பிந்தினால் அந்தச் சாணளவு நீரும் களப்புக்குப் போய்விடும். கடைவயற்காரர் எல்லோரும் மூட்டைகளோடு வந்தார்கள். அவரவர் இடத்தை அடைத்தார்கள். நடுவிடம் திறந்தபடி இருந்தது. இருபக்கமும் அடைபட்டதால் நீரெல்லாம் அங்கே திரண்டு முன்னிலும் வேகமாக ஓடியது.

ஹாலிதா பாடசாலையிலிருந்து வந்தாள். உடுப்பில் சேறு காய்ந்திருந்தது. அவளுடைய மூட்டைகள் கரையில் அன்று எறிந்த இடத்திலேயே கிடந்தன. அவள் அவற்றில் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"என்ன அக்கா, குந்திட்டியள்?" என்றான் தர்ஷன். "ஓடுறது எங்கட எல்லாற்ற சிறுபோகமும்."

"என்ர சிறுபோகமும்தான் ஓடுது."

"அப்ப வையுங்கோவன்!"

"முதல் காணியைக் காட்டுங்கோ. பிறகு வைக்கிறன்."

முத்துலிங்கம் முன்னால் வந்தார். "எந்தக் காணி, பிள்ளை?"

"மண்டபத்துக்குப் பின்னால கிடக்கிற வெறுங்காணி. எங்கட வாப்பாட வளவின்ர கோடி. மண்டபத்தை நான் கேக்கேல்ல. நெல்லுக் காயப்போடுற தளத்தையும் கேக்கேல்ல. நாயுருவி நிக்கிற இடத்தைத்தான் கேக்கிறன்."

"அதுக்கு அரசாங்கக் காணிக் கந்தோரிலயெல்லோ கேக்கவேணும்?"

"கந்தோர் உங்கட கமக்காரர் சங்கத்தைக் கேக்கச் சொல்லுது. சங்கம் கந்தோரைக் கேக்கச் சொல்லுது. ரெண்டு பேருக்கும் நடுவில நான் செருப்புத் தேஞ்சு நிக்கிறன். முதல் நீங்கள் விடுங்கோ. கந்தோரை நான் பாக்கிறன்."

"சரி, ஒரு கூட்டம் வைச்சு முடிவெடுப்பம்."

"கூட்டம் நடக்கிற மண்டபமே எங்கட வளவுக்குள்ளதான் அண்ணை நிக்குது. இவ்வளவு காலமும் இருந்து கதைச்சதுக்கு நான் வாடகை கேட்டனானோ?"

பின்வரிசையில் யாரோ பலமாகச் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் மறைத்தார்கள். முத்துலிங்கத்துக்கும் சிரிப்பு உதடுவரை வந்தது. தர்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் போன ஆண்டு வாங்கிய உழவு மிசினின் தவணை இந்தச் சிறுபோகத்தை நம்பித்தான் இருந்தது.

"மாமா, பனங்குத்தி ஒண்டை உருட்டிவிடுவம். முந்திப் போட்டதுதானே?"

"முந்தி ஆள் இல்லை. இப்ப ஆள் இருக்கிறா."

"அப்ப மூட்டையை நாங்களே தூக்கி வைப்பம். அண்டைக்கு நீங்கள் தொட்டனீங்கள்தானே? தொட்டது தொட்டதுதான்."

"அண்டைக்கு அவா சொல்லித் தொட்டனான்," என்றார் முத்துலிங்கம். "இண்டைக்கு அவா சொல்லேல்ல."

"இதென்ன நியாயம்! அவா ஒரு ஆள். நாங்கள் எத்தினை பேர்!"

"எத்தினை பேர் நிண்டு பாத்தமடா அண்டைக்கு?" முத்துலிங்கத்தின் குரல் உயரவில்லை, உயர்த்தும் தெம்பு அவரிடம் இல்லை. "அந்தத் தண்ணி போன போக்கை நான் பாத்தனான். நீயும் பாத்தனி. மூட்டையைத் தூக்கின கை ரெண்டும் இன்னும் எனக்கு நோகுது. அந்த மணலில வீடு கட்டு எண்டு சொன்னதும் இந்தச் சங்கம்தான். சும்மா கதையாத."

ஹாலிதாவின் தொலைபேசி ஒலித்தது. சரீப். எல்லோரும் கேட்கத்தான் அவள் பேசினாள். ஒதுங்கிப்போய்ப் பேச அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"ஓம், வீடு தாண்டிட்டுது… ஓம், முழுக்க… பிள்ளை பள்ளிக்கூடத்தில. சுகமா இருக்கிறாள்… இல்லை, இப்ப வர ஏலாது… ஏன் எண்டால், குளத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறன்… ஓம், நான்தான். சங்கம் முழுக்க நிக்குது… லொறியோ? அதை நான் பிறகு சொல்லுறன். வையுங்கோ."

நீர் ஓடியது. வெயில் ஏறியது. பக்கத்து மூட்டைகளில் நீர் விட்டிருந்த ஈரக்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே குளம் இறங்கியிருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது. ஹாலிதாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நீர் போனால் சரீப் சொன்னதே சரியாகிவிடும். வயலுமில்லாமல் வீடுமில்லாமல் லொறியில் ஏறவேண்டியதுதான். ஆனால் மூட்டையை வைத்துவிட்டால், அடுத்த மாரிவரை அவள் கேள்விக்கு எவரும் பதில் சொல்லப்போவதில்லை. அதையும் அவள் அறிவாள். ஏழைக்கு இந்த நாட்டில் காது கொடுக்கப்படும் நேரம் மிகக் குறுகியது. மற்றவர்களுடைய தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும்தான் அது.

முத்துலிங்கம் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். கடைவயற்காரரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆருக்கும் மறுப்பிருக்கோ? இருந்தா இப்ப சொல்லுங்கோ. பிறகு கள்ளுக்கடையில இருந்து சொல்லக்கூடாது."

ஒருவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

"தர்ஷன், கத்தியை எடு. காட்டுக்கரையில நாலு கட்டை வெட்டிக்கொண்டு வா."

"கட்டையோ? எதுக்கு?"

"உன்ர மிசினைக் கட்டிப்போட. எல்லை அடிக்கத்தான், வேறென்னத்துக்கு? வாடா."

வெட்டிய கட்டைகளோடு அவர்கள் இருவரும் மேட்டுநிலத்தை நோக்கி நடந்தார்கள். கலிங்கிலிருந்து பார்த்தால் மண்டபத்தின் தகரக்கூரையும், அதன் பின்னால் பச்சையாகப் படர்ந்த நாயுருவியும் தெரியும். முத்துலிங்கம் செடிகளை மிதித்து ஒதுக்கினார். தர்ஷன் ஒரு கட்டையை நட்டுக் கல்லால் அடித்தான். அடி விழுந்து கொஞ்சம் பிந்தித்தான் சத்தம் கலிங்குக்கு வந்தது.

ஹாலிதா எழுந்தாள். எல்லோரும் மூச்சை விட்டார்கள். அவள் மூட்டையைத் தூக்கவில்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள்.

தர்ஷன் ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

"அடிச்சாச்சு அக்கா. இப்ப வையுங்கோ. தண்ணி போகுது."

"ஒரு கட்டைதானே அடிச்சியள்."

"மற்றதைப் பின்னேரம் அடிப்பம். கட்டை ஓடியே போகப்போகுது?"

"தம்பி, ஒரு கட்டையில மாடு கட்டலாம். வீடு கட்ட ஏலாது. நாலு மூலைக்கும் அடியுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். கலிங்கைப் பார்த்தான். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு மூட்டையின்மேல் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினான்.

நடுவிடத்தால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து இரண்டாவது கட்டையின் சத்தம் வந்தது. ஹாலிதா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மூன்றாவதற்காகக் காத்திருந்தாள்.